எட்மன்டன் பனியில் நின்ற வண்டி

1

திருச்சிப் பக்கம் ஆவூர்க் கோயிலில் என் கணவருக்கு முதலாண்டு நினைவுப் பூசை முடிந்துவிட்டது. அங்கே விடியற்காலை, இங்கே கனடாவில், எட்மன்டனில், முந்தின நாள் சாயங்காலம். கொழுந்தனார் சவரிமுத்து தன் போனை ஒரு பெஞ்சின் மேல் சாய்த்து வைத்து எனக்குக் காட்டினார். படத்தில் பாதிக்கு மேல் முன் வரிசையில் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது. சாமியார் என் கணவர் பெயரை வாசிக்கிற இடத்தில் "அருளா" என்பதோடு இணைப்பு அறுந்தது. திரும்ப வந்தபோது காணிக்கைப் பாட்டு பாதி போயிருந்தது. நான் வேலைக்குப் போட்டிருந்த உடுப்பைக்கூட மாற்றாமல், அடுப்படியில் நின்றபடியே முழங்கால் போட்டேன்.

இந்த ஒரு வருஷமாக ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அவரே போயிட்டாரு, இனி அங்க என்ன வச்சிருக்கு? கெளம்பி வந்துர வேண்டியதுதானே." நல்ல மனசோடு கேட்கிறார்கள் என்று தெரியும். போனில் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். "பாப்போம்" என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன். எங்கள் வண்டியைப் பற்றி எழுதினால்தான் அது விளங்கும்.

2

என் கணவர் அருளானந்தம் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீசியன். நாங்கள் வந்து சேர்ந்தபோது மகள் ரோஸ்லின் கைக்குழந்தை. நான் முதியோர் இல்லமொன்றில் சமையலறையில் வேலை பார்க்கிறேன். அவர் பல வருஷம் பழைய வண்டிகளாகவே ஓட்டினார். ரோஸி பல்கலைக்கழகத்துக்குப் போன வருஷம்தான் முதன்முதலாகப் புது வண்டி வாங்கினார்.

பெட்ரோல் வண்டிதான். ஆனால் உள்ளே எல்லாம் கம்ப்யூட்டர். போனில் அதற்கென்று ஒரு ஆப். பனி கொட்டுகிற காலையில் அடுப்படியில் தேநீர் குடித்துக்கொண்டே கீழே நிற்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றுவார். கதவு பூட்டியிருக்கிறதா, டயரில் காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று போனே சொல்லும். வண்டிக்குள் ஒரு சின்ன கேமரா. எங்கிருந்து கூப்பிட்டாலும் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்பும். ஒரு ஸ்க்ரூவைக்கூட நாம் கழற்ற முடியாத வண்டி என்று அவருக்கு அதன்மேல் ஒரு வருத்தம் உண்டு. பெருமையும் உண்டு.

வண்டிக்குள் ஏறினால் தமிழ்தான் பேச வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். வீட்டில் ரோஸி என்ன பேசினாலும் விட்டுவிடுவார். கதவைச் சாத்தி பெல்ட் போட்டதும், "ம், இப்பச் சொல்லு" என்பார். நாலு வருஷம் தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். அந்த நேரத்தில் அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வண்டியில் காலையில் எனக்கு இடம் இல்லை. எனக்கு ஷிஃப்ட் அதற்கு முன்பே தொடங்கிவிடும், பஸ்ஸில் போய்விடுவேன்.

படிப்பு முடிந்து ரோஸிக்கு வான்கூவரில் வேலை கிடைத்தது. மலைகளைத் தாண்டி ஒரு நாள் பூரா ஓட்ட வேண்டிய தூரம். போன பிறகு வாரத்துக்கொரு முறை பேசினாள், அப்புறம் மாதத்துக்கொரு முறை. எனக்கு வருவதெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு வரிச் செய்திகள். பிஸி, அப்புறம் பேசுகிறேன், லவ் யூ. கடைசிச் சொல்லுக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்கு இன்னும் பழகவில்லை. "சாப்பிட்டியா" என்று எழுதுவேன்.

போன வருஷம் பொங்கல் கழிந்து சவரிமுத்துவின் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். ரோஸிக்கு லீவு இல்லை. நாங்கள் இருவரும் கிளம்பினோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போனோம். மூன்று வாரத்தில் திரும்புவதாகத்தான் இருந்தது.

கல்யாண வீட்டில் அவர் செய்த முதல் காரியம், போனை எடுத்து எல்லோருக்கும் வண்டியைக் காட்டியதுதான். பந்தலில் மின்விசிறி சுற்ற, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்த மாமன் மச்சானெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி முழுக்கப் பனி மூடி, உள்ளே மங்கலாக ஓட்டுநர் சீட்டு.

"இங்கிட்டு இருந்துக்கிட்டு அங்கிட்டு நிக்கிற வண்டியப் பாக்கலாமாக்கும்?" என்றார் ஒரு பெரியப்பா.

"பாக்கலாம் பெரியப்பா. கூப்பிட்டா முழிச்சுக்கும்."

"ரொம்பக் கூப்புடாதப்பா. தூங்குறதத் தூங்க விடு," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

3

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பந்தல்காரர்களோடு நின்று சீரியல் லைட் வயரைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வயர் தாறுமாறாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது.

"மேரி, கொஞ்சம் தண்ணி குடு. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு," என்றார்.

தண்ணீர் கொண்டுவருவதற்குள் வயர்ச் சுருளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் ஏற்ற வந்திருந்த வேனில் ஏற்றித் திருச்சிக்குப் பறந்தோம். வழியில் மாத்தூர் தாண்டுவதற்குள் அவர் தலை என் தோளில் கனக்கத் தொடங்கியது. சவரி முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி, "அண்ணே, இந்தா வந்துருச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வேனுக்குள் ஏறி அவர் கழுத்தில் விரலை வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

ரோஸி வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அவர் சட்டைப்பையில் இருந்த போனை ஆஸ்பத்திரியில் ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது பெட்டிக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அது சிணுங்கியது. யாரோ கனடாவிலிருந்து துக்கம் கேட்கிறார்கள் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். வண்டி அனுப்பிய செய்தி. பேட்டரி குறைந்துவருகிறது, தயவுசெய்து இஞ்சினை ஓட்டவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. மேலே அவர் பெயர் போட்டு, மரியாதையாக.

அப்போதுதான் சவரி வந்து என் பக்கத்தில் குந்தினார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அண்ணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. அண்ணன் போனு அவரு வெரல வச்சாத்தான் தொறக்கும். பாங்கு, இன்சூரன்சு, வண்டி, எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு. மண்ணுக்குள்ள வச்சப்பறம் நம்ம ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னது நியாயம். எனக்கு அந்த போனின் ரகசிய எண் தெரியாது. ஆனால் அந்தக் கையை நான்தான் துடைத்து, விரல்களைக் கோத்து, ஜெபமாலை சுற்றி வைத்திருந்தேன். அதைப் பிரித்து ஒரு வேலைக்கு எடுக்க மனம் வரவில்லை.

"வேணாம் தம்பி. பெட்டியத் தொறக்க வேணாம்," என்றேன்.

மறுநாள் ரோஸி வந்தாள். கறுப்புச் சட்டையும் கால்சட்டையுமாக டாக்சியிலிருந்து இறங்கினாள். பெட்டியின் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. ஊர்ப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது, யாரோ தெரியாதவர்கள் மேலே விழுவதைப் போல விறைத்து நின்றாள். ஒருத்தி, "அப்பாவுக்கு என்னடி ஆச்சுன்னு கேக்க மாட்டியா?" என்றாள். ரோஸி மெதுவாக, "தெரியும். அப்பா செத்துப்போச்சு," என்றாள்.

ஒப்பாரி அப்படியே நின்றது. எங்கள் பக்கம் அப்பா வந்துச்சு, அண்ணன் சொல்லுச்சு என்று பாசமாகச் சொல்வதுண்டு. சாவுக்கு மட்டும் அப்படிச் சொல்ல மாட்டோம். தவறிட்டாரு, எறந்துட்டாரு என்போம். செத்துப்போச்சு என்பது ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்கும் சொல்வது. அவளுக்குத் தெரிந்த தமிழில் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

பிறகு வேப்பமர நிழலில் போய் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி மூடுகிற நேரம் நான் தேடிப் போனபோதும் அப்படியே நின்றாள். ஒரு கிழவி என் காதுபடவே சொன்னாள்: "அப்பன் பொணம் வீட்டுக்குள்ள கெடக்கு, மகளுக்குப் போன நோண்ட நேரம் இருக்கு பாரு." எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் வான்கூவருக்குக் கிளம்பினாள். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு, "ஐ ஆம் சாரி, அம்மா," என்றாள். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் துக்கம் விசாரிப்பதைப்போல எனக்குக் கேட்டது.

4

முப்பதாம் நாள் பூசை முடித்து நான் தனியாகத் திரும்பினேன். ஊரில் இருந்துவிடுங்கள் என்று சவரி கெஞ்சினார். வீடு, வேலை, வண்டி எல்லாவற்றையும் ஒரு வழி பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். அப்போது அது உண்மைதான்.

எட்மன்டனில் மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். எனக்கு மீசை இல்லை, அவர் சொல்கிற கணக்கு அது. பார்க்கிங் இடத்தின் சின்ன பஸ் என்னை இறக்கிவிட்டுப் போனது. வரிசை வரிசையாக வெள்ளைக் குவியல்கள். அவர் நிறுத்திய இடம் நினைவிருந்தது. கையுறையால் பனியைத் தள்ளித் தள்ளி எண் பலகையைக் கண்டுபிடித்தேன்.

அவர் தோள்பையிலிருந்து சாவியை எடுத்து அமுக்கினேன். எப்போதும் முன்விளக்கைச் சிமிட்டி, கண்ணாடிகளை விரித்து வரவேற்கிற வண்டி. அன்று ஒரு சத்தமும் இல்லை. சாவியைக் கதவோடு ஒட்டிவைத்து அமுக்கினேன். வண்டி சும்மா நின்றது.

சாலையில் உதவிக்கு வருகிற கம்பெனிக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். மெம்பர் எண் கேட்டாள். அது என் கணவர் பெயரில் இருக்கிறது என்றேன். அவரிடம் பேசலாமா என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஹி எக்ஸ்பயர்ட்."

"பரவாயில்லை, இப்போதே புதுப்பித்துவிடலாம்," என்றாள் அவள், உற்சாகமாக.

நம் ஊரில் இறந்தவர்களைப் பற்றி டாக்டரும் தாசில்தாரும் பேப்பர்காரரும் எழுதுகிற சொல். இப்போது கையில் இருக்கிற சான்றிதழ்களுக்காக ஊரில் பத்து நாள் அலைந்தபோது காதில் விழுந்துகொண்டே இருந்த சொல். இங்கே அது காலாவதியாகிற பால் பாக்கெட்டுக்கும் அட்டைகளுக்கும் உரியது. நான் மறுபடி முயன்றேன். "ஹி இஸ் நோ மோர்."

"உங்களோடு வண்டியில் இல்லையா?"

"இல்லை. என்னோடு இல்லை."

"எப்போது வருவார்?"

இத்தனை வருஷம் இங்கே இருந்தும், அந்த எளிய சொல்லை அவர் பெயரோடு சேர்த்து நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ரோஸிக்கு ஊரில் கிடைத்த அதே சொல். "ஹி இஸ் டெட்," என்றேன். பனிக்குள் நின்று அதைச் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெண் நான் நிற்கிற இடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "ஆள் அனுப்புகிறேன், உள்ளே போய்க் கதகதப்பாக இருங்கள்," என்றாள்.

வந்தவர் தாடிவைத்த பெரிய மனிதர். சாவிக்குள் ஒளிந்திருந்த சின்ன இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தார். தன் வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டேஷ்போர்டு முழுக்க எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. இஞ்சின் இருமிவிட்டுப் பிடித்தது. நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சீட் தானாகப் பின்னால் நகர்ந்தது. கண்ணாடிகள் மேலே திரும்பின. அவர் உயரத்துக்கு வண்டி தன்னைச் சரிபண்ணிக்கொண்டது. திரையில் "வெல்கம், அருள்" என்று வந்தது. என் கால் பெடலுக்கு எட்டவில்லை.

அந்த மனிதர் ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்துவிட்டு, பேட்டரி முழுக்கப் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார். குளிர் ஒரு காரணம், ஆனால் குளிர் மட்டும் இருக்காது என்றார். "போனில் ஆப் இருக்கிறதா? யாராவது அடிக்கடி பார்த்தார்களா?"

இல்லை, அவர் போன் பூட்டிக் கிடக்கிறது என்றேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து விளக்கினார். இந்தக் காலத்து வண்டிகள் நிறுத்திப் பூட்டினாலும் அணைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பகுதியாகத் தூங்கப் போகும். காது மட்டும் விழித்திருக்கும், சாவி வருகிறதா, போனிலிருந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று. கூப்பிட்டால் எல்லாம் எழுந்து பதில் சொல்லும். திரும்பவும் தூங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் பேட்டரி கொஞ்சம் இறங்கும். இஞ்சின் ஓடினால்தான் அது திரும்ப ஏறும். ரொம்பக் குறைந்துவிட்டால் வண்டி காதையும் மூடிக்கொள்ளும், மறுபடி ஸ்டார்ட் ஆவதற்குக் கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும் என்று. இந்த வண்டி அந்த நிலையையும் தாண்டிப் போயிருக்கிறது. நிறையத் தடவை எழுப்பியிருக்கிறார்கள். குளிரும் சேர்ந்துகொண்டது. அப்படித்தான் இருக்கும், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்.

"இஞ்சினை அணைக்காதீர்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும்," என்று சொல்லிவிட்டு, தயங்கி நின்று, தொப்பியை எடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் கம்பெனிப் பெண் சொல்லியிருக்க வேண்டும்.

5

ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ரோஸிக்கு போன் செய்தேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லத்தான்.

"வண்டி ஸ்டார்ட் ஆகல. ஆள் கூப்பிட்டு எடுத்திருக்கேன். யாரோ போன்ல அடிக்கடி எழுப்பினதாலதான் பேட்டரி போச்சுன்னு சொல்றாரு. அப்பா போன் பூட்டித்தானே கெடக்கு, அதான் வெளங்கல."

இணைப்பு போய்விட்டதென்று நினைத்தேன்.

"நான்தான்மா," என்றாள்.

சாயங்காலங்களில் அவர் கூட்டிப்போக வருவதற்காகக் காலேஜ் வாசலில் காத்திருக்கும்போது அப்பா எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ள, அந்த ஆப்பை அவள் போனிலும் அவரே போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. வான்கூவர் போன பிறகும் அதை அவள் எடுக்கவில்லை. அவர் வேலைக்குப் போவதையும் வருவதையும் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வாரம் ஒரு தடவை, மாதம் ஒரு தடவை என்று எங்களோடு பேசினவள், தினமும் காலையில் அப்பாவின் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்திருக்கிறாள்.

"ஊர்ல அந்தப் பெட்டியில இருந்தவர எனக்குத் தெரியலம்மா," என்றாள். அவள் தமிழ் தட்டித் தடுமாறி வந்தது. நடுநடுவே ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. "வேட்டி, மூக்குல பஞ்சு, நெத்தில என்னவோ. எல்லாரும் தொடு தொடுன்னாங்க. எங்கப்பா அது இல்ல. எங்கப்பா கார்லதான் இருப்பாரு. நான் கார் பாத்தேன். உள்ள கேமரா பாத்தேன். சீட் மேல அவரு குல்லா இருந்துச்சு. பாத்துட்டே இருந்தேன். பஸ்ல பாப்பேன், வேலைல பாப்பேன். தூங்கும்போது, எழுந்திரிக்கும்போது. அப்புறம் ஒரு நாள் வண்டி தூங்குது, இனி பாக்க முடியாதுன்னு வந்துச்சு. நான் அமுக்கிட்டே இருந்தேன்மா. கான்ட் ரீச், கான்ட் ரீச்னு வந்துச்சு. நான் ரொம்பக் கூப்பிட்டேன். அதான்."

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. அவள் சின்னவளாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்து எழுப்புவாளே, அந்த அழுகை. வளர்ந்த பிறகு நான் கேட்டதே இல்லை.

"செத்துப்போச்சும்மா," என்றாள். "செத்துப்போச்சு."

எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அவருடைய கம்பளிக் குல்லா விறைத்துப்போய்க் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேப்பமரத்தடியில் நின்றவளைப் பற்றி ஊர்ப் பெண்கள் சொன்னது எல்லாம் நினைவு வந்தது. அவள் அங்கே நின்று அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் இருந்த வீட்டில் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. அடக்கம் பண்ணின இடத்தில் அவளுக்கு அப்பா இல்லை.

"அழு கண்ணு," என்றேன். வேறென்ன சொல்ல. மலைக்கு அந்தப் பக்கம் அவள் அழுதாள், இந்தப் பக்கம் நான். இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

6

புது பேட்டரி போட்டாயிற்று. வண்டியை என் பெயருக்கு மாற்றுவதுதான் நடக்கவில்லை. ஊரில் கொடுத்த இறப்புச் சான்றிதழில் அவர் சூ. அருளானந்தம். இங்கே எல்லாவற்றிலும் அருளானந்தம் சூசை. எழுத்து எங்கே போயிற்று, சூசை யார் என்று கேட்டார்கள். அவர் அப்பா என்றேன். அப்படியானால் வண்டி அப்பாவுடையதா என்று கேட்டார் ஒரு அதிகாரி. அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு அந்த முன்னெழுத்து விளங்கவில்லை. என் பெயர் ஊர்க் காகிதத்தில் மேரி, இங்கே அடைக்கலமேரி. நான் இரண்டு பெண்கள் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன்.

வண்டிக் கம்பெனிக்கு எழுதினால், உங்கள் கணவரைத் தன் ஆப் கணக்குக்குள் நுழைந்து சம்மதம் தெரிவிக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். ஆழ்ந்த இரங்கல், தயவுசெய்து அவரை உள்ளே நுழையச் சொல்லுங்கள் என்று வந்தது. கடைசியில் ஒருவர் போனில் வழி சொன்னார். வண்டியின் திரையிலேயே பழைய உரிமையாளரை அழித்துவிடலாம். அழித்தால் அவர் கணக்கோடு சேர்ந்த எல்லாமே போய்விடும். இன்னொரு போனில் இருந்தால் அதிலும் போய்விடும்.

ரோஸியிடம் சொன்னேன். "நான் வர்றவரைக்கும் தொடாதம்மா," என்றாள். வசந்தத்தில் பனி உருகி, ரோடெல்லாம் சேறாகக் கிடந்தபோது வந்தாள்.

சாவியை வாங்கி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட் பின்னால் போனது. கண்ணாடி திரும்பியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தாள், பெடலில் கால் வைத்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். ஒன்றையும் நகர்த்தவில்லை.

"எனக்குச் சரியா இருக்கு," என்றாள்.

அவள் அவர் உயரம். எப்போது அந்த உயரத்துக்கு வளர்ந்தாள் என்று நான் கவனித்ததே இல்லை.

அன்று எட்மன்டன் முழுக்கச் சுற்றினோம். பல்கலைக்கழக வாசல்வரை போய், அவர் அவளை இறக்கிவிடுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினாள். அங்கே வைத்துத்தான் திரையில் அழித்தாள். இரண்டு தடவை நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்று அமுக்கிவிட்டுத் தன் போனை எடுத்துப் பார்த்தாள். வண்டியின் படம் இருந்த இடத்தில், உங்கள் பெயரில் வண்டி எதுவும் இல்லை என்று இருந்தது. அதை எனக்குக் காட்டினாள். நான் வாசித்தேன். அவள் போனைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட் போட்டபடியேதான் இருந்தோம். தமிழில்தான் பேசினோம், பேசின கொஞ்சத்தையும்.

ரோஸி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இப்போதும் ஒரு வரிச் செய்திதான் வருகிறது. சில ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், சில ஞாயிறு மாட்டாள். அதன் பிறகு இரண்டு தடவைதான் வந்திருக்கிறாள். ஆனால் வந்தால் நேரே வண்டிக்குத்தான் போகிறாள். ஆவூருக்கு வருகிறாயா என்று நினைவுப் பூசைக்கு முன்னால் கேட்டுப் பார்த்தேன். "அங்க எனக்கு யாரும்மா இருக்கா?" என்றாள். கோபமில்லை அதில். அப்பா அங்கேதானே என்று சொல்ல வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

7

பூசை முடிந்ததும் சவரி போனைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தார். நெருஞ்சியும் புல்லுமாகக் கிடந்த பாதையில் படம் ஆடிக்கொண்டே போனது. என் கணவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். காற்றுக்கு நிற்கவில்லை. சவரி கையைக் குவித்து மறைத்துப் பார்த்தார். பிறகு போனைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பினார். அங்கே ஒரு ஆள் படுக்கிற அளவுக்குச் செங்கல் வைத்து இடம் அடைத்திருந்தது.

"இது யாருக்கு தம்பி?"

"ஒங்களுக்குத்தான் அண்ணி. எடம் நெருக்கமாயிருச்சு, வேற யாரும் கேட்டுறப் போறாங்கன்னு சாமியார்கிட்டச் சொல்லி வாங்கி வச்சுட்டேன். எத்தன வருசம் கழிச்சு வந்தாலும் அண்ணன் பக்கத்துலயே இருக்கலாம்."

அவர் குரலில் நிறைவு இருந்தது. தன் அண்ணனுக்கு அவர் செய்யக்கூடிய கடைசிக் காரியம் அது. அந்தச் செங்கல் கட்டத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அங்கே போய்ப் படுக்க எவ்வளவு ஆசை என்று எழுத்தில் சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இல்லாத வீட்டில் நான் தூங்கிப் பழகவில்லை. இன்னும் பழகவில்லை.

"தம்பி, அத வேற யாருக்காச்சும் குடுத்துருங்க," என்றேன்.

அவருக்குக் காதில் சரியாக விழவில்லையென்று நினைத்து மறுபடியும் சொன்னேன். சவரி போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

"என்னங்க அண்ணி இப்புடிச் சொல்றீங்க. அண்ணன் இங்கிட்டுத் தனியாக் கெடப்பாரே."

"தெரியும் தம்பி."

"பின்ன?"

"எனக்கு ஒண்ணுன்னா ரோஸி தேடுவா. அவ அங்கிட்டு வந்து தேட மாட்டா. நான் இங்கிட்டு இருந்தாத்தான் அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்."

சவரி குனிந்து, அணைந்த மெழுகுவத்தியை மறுபடி ஏற்ற முயன்றார்.